எண்ணெய் இல்லாத ஊருக்கு வந்த கூழ்வத்தல்

1

மதுரையிலிருந்து கூழ்வத்தல் பெட்டிகள் மலாய் நாட்டு ஈப்போவுக்கு வந்து இந்த ஆவணியோடு ஒரு வருஷம் ஆகிறது. "வந்து சேர்ந்ததா, யார் யாருக்குக் கொடுத்தீர்கள், நன்றாக இருந்ததா, ஒரு வரி எழுதக்கூடாதா?" என்று எங்கள் சபைப் பெண்கள் மூன்று கடிதம் போட்டுவிட்டார்கள். மூன்றாவது கடிதத்தில் கோபம் தெரிந்தது. நியாயமான கோபந்தான். கொடுத்தவர்கள் கேட்கமாட்டார்களா?

அங்கே மதுரையில் நீங்கள் எல்லாரும் சுதந்திரக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிற நேரம். இந்த நேரத்தில் இதை ஏன் எழுதவேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. எழுதினால் உள்ளதை எழுதவேண்டும். நீங்கள் அனுப்பிய பொட்டலங்களில் ஒன்றை நான் திருடினேன்.

இதோ, போட்டு உடைத்துவிட்டேன். இனி மற்றதைச் சொல்வதில் கஷ்டமில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் மதுரையில் காளவாசல் பக்கம் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் டீச்சராக இருந்து, கல்யாணம் ஆனதும் மலாய் நாட்டுக்குக் கப்பலேறியவள். வீட்டுக்காரர் இங்கே ரயில்வே ஆபீசில் கிளார்க். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே மகள், லில்லி, இங்கேயே பிறந்தவள். "மூணே வருசந்தாம்மா, வந்துருவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். முதலில் பிள்ளை பிறந்தது, பிறகு கையில் காசில்லை, பிறகு யுத்தம் வந்தது. மூன்று வருஷம் பதிமூன்று வருஷம் ஆகிப்போனது.

2

யுத்தம் முடிந்தால் சோறு கிடைக்கும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், பாண்டு வாத்தியம் எல்லாம் அடித்தார்கள். அரிசி மட்டும் வரவில்லை. பர்மாவிலும் சயாமிலும் விளைந்தால்தான் இங்கே உலை கொதிக்கும். அங்கேயே இல்லை என்றால் இங்கே எங்கிருந்து வரும்? ரேஷனில் கிடைத்த அரிசி வாரத்தில் இரண்டு நாளைக்குக் காணாது. மிச்ச நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்குதான். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் இடித்த கிழங்கு, சாயங்காலம் அதே கிழங்கில் ரொட்டி. இன்றைக்கும் தெருவில் யாராவது கிழங்கு அவிக்கிற வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

எங்களுக்காவது சம்பளம் என்று ஒன்று இருந்தது. தோட்டத்திலிருந்து வந்து ரயில் பாதை ஓரத்துப் பழைய லய வீடுகளில் கிடந்த சனங்களுக்கு அதுவும் இல்லை. ஆண்களையெல்லாம் சயாம் காட்டுக்கு ரயில் போடக் கொண்டுபோய்விட்டான் சப்பான்காரன். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். பேச்சியின் புருஷன் வரவில்லை. பேச்சிக்கு எழுமலை. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமியிலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி வந்தவள். அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் என் வகுப்பில்தான் இருந்தார்கள். மூத்தது ஒரு நாள் பாடம் படித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நேத்தா, இன்னிக்கா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டது.

அதைத்தான் அப்படியே என் தம்பி தேவசகாயத்துக்கு எழுதினேன். நாலு வருஷம் கடிதப் போக்குவரத்தே இல்லாமல் இருந்து அப்போதுதான் தபால் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. உதவி கேட்டு எழுதவில்லை. மனசு ஆறாமல் எழுதினேன். அங்கேயும் மழை இல்லை, உங்களுக்கும் ரேஷன், நீங்களே அரைவயிறு என்று எனக்குத் தெரியாதா?

3

தம்பியின் பதில் நாலு மாதம் கழித்து வந்தது. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். அவன் பேசுகிற மாதிரியே எழுதுவான்.

"அக்கா, இங்க நடக்கிற கூத்தக் கேளு. ஒன் கடுதாசிய அம்மா கோயில்ல வாசிக்கச் சொல்லிருச்சு. வாசிச்சு முடிக்கையில பொம்பளைக அம்புட்டுப் பேரும் மூக்க உறிஞ்சிக்கிட்டு இருக்காக. இந்த லெந்து நோம்பு நாள் முச்சூடும் உலையில போடுற அரிசியில ஒரு பிடிய எடுத்து வச்சு மலாய்க்கு அனுப்பணும்னு அங்கயே முடிவாகிப்போச்சு. நம்ம ஊருல மாத்திரம் என்ன கொட்டியா கெடக்கு? ஆனாலும் எடுத்து வச்சாக. நாப்பது நாள். பானை பானையாச் சேந்துச்சு.

"அப்பறந்தான் வெனையே. பெர்மிட்டுக்குப் போனா, ஜில்லாவ விட்டு ஒரு மணி அரிசி வெளிய போகக்கூடாதுங்கிறான். கடல் தாண்டியான்னு சிரிக்கிறான். எல்லாரும் தலையில கைய வச்சு ஒக்காந்துட்டாக. அப்ப நம்ம அரிசிக்கடை பாய் ஒரு யோசனை சொன்னாரு பாரு. 'அரிசியாப் போனாத்தானம்மா தப்பு? கூழக் காச்சி வத்தலாப் போட்டுருங்க. வத்தலுக்கு எந்த மவராசன் பெர்மிட்டு கேக்கப்போறான்?' சொல்லிட்டு அவுக வீட்டுப் பிடியரிசிப் பானையவும் கொண்டாந்து கவுத்துட்டாரு."

பாருங்கள், இதுதான் மதுரை! வேறு எந்த ஊர்க்காரனுக்கு இப்படித் தோன்றும்? படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சித்திரை வெயிலில் பள்ளிக்கூடத்து மைதானம் முழுக்க வேட்டியை விரித்து வத்தல் காய்ந்ததாம். காளவாசல் பக்கம் மாடியில் போட்டால் சூளைச் சாம்பல் விழுகிறதென்று அங்கேயிருந்தவர்களும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம். விளாங்குடியிலிருந்து ஒரு அம்மா வண்டி பூட்டிக்கொண்டு வந்ததாம். காக்கா விரட்டுவதற்கு வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை விட்டார்களாம். எனக்கு அந்த மைதானத்தின் ஒவ்வொரு மூலையும் தெரியும். அந்த வெயில் முதுகில் சுடுவது தெரியும். இங்கே தினம் தினம் மழை. வத்தல் போட்டால் பூசணம் பூக்கும். வெயிலுக்காக ஒருத்தி ஏங்குவாள் என்று மதுரையில் இருக்கும்போது யாராவது சொல்லியிருந்தால் அவளைப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடிதத்தின் கடைசியில் இருந்தது: "அம்மா தனியா ஒரு பொட்டலம் கட்டியிருக்கு. ஆளாளுக்கு அவுக போட்டத அவுகளே கட்டி, பேர எழுதி முடிச்சுல செருகியிருக்காக, வாங்கிறவுக நெனச்சுக்கிறட்டும்னு. அம்மாவுக்காக எம் பொண்டாட்டிதான் பேர எழுதுச்சு. ஒனக்குன்னு அனுப்பலக்கா, பசிச்சவுகளுக்குத்தான் அனுப்புது. ஆனா கட்டும்போது ஒம் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

4

அடுத்த கடிதம் ஆனி மாதம் வந்தது. சின்னக் கடிதம். அம்மா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கமும் முடிந்து, நாற்பதாம் நாளும் நெருங்கும்போதுதான் எனக்குத் தெரிகிறது. வீட்டுக்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லில்லி வந்து, "உங்கம்மாவா இறந்துட்டாங்க?" என்று கேட்டாள். "அம்மாச்சி" என்று சொல்லமாட்டாள். பார்த்திருந்தால்தானே சொல்லுவாள்! அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு எனக்கு அவள் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

பெட்டிகள் இன்னும் வரவில்லை. அதாவது பினாங்குத் துறைமுகத்துக்கு வந்துவிட்டன, எங்கள் கைக்கு வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், மளிகைக்கடை காதர் அண்ணன், நான் என்று மூன்று பேர் கமிட்டி. காதர் அண்ணனும் மதுரைக்காரர். ரயிலேறி, படகேறி, நானும் அவரும் ஆறு தடவை அந்த ஆபீசுக்கு நடந்தோம். ஒவ்வொரு தடவையும் பூர்த்தி செய்ய ஒரு புதுப் பாரம். அதில் ஒரு கேள்வி: சமைத்த உணவா, சமைக்காத உணவா?

"சமைச்சது" என்றார் காதர் அண்ணன். அதே நேரத்தில் "இனிமேதான் சமைக்கணும்" என்றேன் நான். அந்த ஒரு வாய்த்தவறில் பத்து நாள் போயிற்று.

கடைசியில் ஒரு பெரிய அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு வத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு நாங்கள் தடுப்பதற்குள் வாயில் போட்டுக் கடித்துவிட்டார். பாவம் மனுஷன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "இதை எப்படித்தான் தின்பீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். "எண்ணெயில் பொரித்து" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"எண்ணெய்க்கு எங்கே போவார்கள்?" என்றார்.

இரண்டு மாதமாக இதற்காக அலைகிறோம். எங்களுக்கும் தோன்றவில்லை, நாற்பது நாள் பிடியரிசி எடுத்து வைத்த உங்களுக்கும் தோன்றவில்லை. கூழ்வத்தல் என்றால் எண்ணெய், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். எண்ணெய் இங்கே கள்ளச் சந்தையில் கிடைக்காமலில்லை. அதை வாங்க வக்கிருந்தால் அந்தச் சனங்கள் அரிசியையே வாங்கியிருப்பார்களே!

"மதுரைக்குத் தெரியவேணாம் டீச்சர்" என்றார் காதர் அண்ணன், கையெழுத்துப் போட்டுப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது. "ஆசையாப் போட்டு அனுப்பிருக்காக. மனசு சங்கடப்படுவாக." அதனால்தான் அவரும் இதுவரைக்கும் உங்களுக்கு எழுதவில்லை.

5

பள்ளிக்கூடக் கூடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டிகளை உடைத்தோம். பெட்டியைத் திறந்ததும் வந்தது பாருங்கள் ஒரு வாசம், வெயில் வாசமும் சீரக வாசமும். காதர் அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார்.

பொட்டலங்களை எண்ணி, அந்தக் கணக்குக்கே குடும்பத்துக்கு ஒன்றாக அட்டை வில்லை கொடுத்திருந்தோம். சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது என்று கரும்பலகையில் எழுதியவள் நான்தான். பெரிய எழுத்தில், கொட்டை கொட்டையாக எழுதினேன்.

ஒவ்வொரு பொட்டலமாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் இருந்த பேரை வாசித்தேன். பாதிப் பேரை எனக்குத் தெரியும். என்னோடு படித்தவர்கள், எனக்குப் பாடம் சொன்னவர்கள், ஒருத்தி என்னோடு சண்டை போட்டு இன்னும் பேசாதவள். மூன்றாவது பெட்டியின் அடியில் அது இருந்தது. "அன்னம்மாள், காளவாசல்."

இதற்குமேல் நான் நியாயம் எதுவும் சொல்லப்போவதில்லை. அம்மாவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. யுத்தத்தில் வீடு மாறி மாறி ஓடினதில் எல்லாம் போயிற்று. அவள் கைபட்டு இந்த உலகத்தில் எனக்கு மிச்சமிருந்தது அந்தப் பொட்டலம் ஒன்றுதான். தலைமையாசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். பரீட்சை நோட்டுகளுக்கு அடியில், என் பைக்குள் அதைத் திணித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. வரிசையில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் வில்லையோடு ஒருத்தி நின்றாள், மேசையில் பொட்டலம் இல்லை. நின்றவள் பேச்சி.

தலைமையாசிரியர் மறுபடியும் எண்ணிப் பார்த்தார், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். "ஊரிலேயே ஒன்றைக் குறைத்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது" என்றார். அந்தப் பழி உங்கள் தலையில் விழுந்தது. நான் பக்கத்திலேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"போகுது தாயி. நமக்கு இம்புட்டுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சி வில்லையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை ரொட்டி டின்னுக்குள் வைத்தேன். அவிழ்த்துப் பார்க்கவில்லை. பொரித்தால் தீர்ந்துபோகும். தின்பதற்காகவா எடுத்தேன்?

6

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். என்ன ஜெபம் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. லில்லி தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். திரும்பி வந்து முதல் வேலையாக டின்னைத் திறந்தேன். காலியாக இருந்தது.

"லில்லி! இதுல இருந்தது எங்கடி?"

"அந்தக் கெரோப்போக் மூட்டையா?" என்றாள். மலாய்க்காரர்கள் பொரிக்கிற அப்பளத்தின் பேர் அது. "பேச்சி அக்கா வந்திச்சு மா. வீட்டுல ஏதாச்சும் இருக்கான்னு கேட்டிச்சு. வேற ஒண்ணும் இல்ல, அதைக் குடுத்தேன்."

"அதுல யாரு பேரு எழுதியிருந்துச்சுன்னு பாத்தியா?"

"பாத்தேன். உங்கம்மா பேரு."

"பாத்துட்டுமாடி தூக்கிக் குடுத்த?"

"நாம காலையில சாப்பிட்டோம்தானே?" என்றாள். அவள் எதிர்த்துப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னாள். நான் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அதுவரைக்கும் அவளை நான் அடித்ததில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அவங்களத் தெரியாது மா. பேச்சி அக்காவத்தான் தெரியும்" என்றாள்.

அந்த வாரத்து ரேஷன் அரிசி முழுவதையும் ஒரு பையில் கொட்டிக்கொண்டேன். இதை வைத்துக்கொண்டு அதைக் கொடு என்று கேட்கத்தான். வெயிலில்லாத இந்த ஊரில் அன்றைக்கு நல்ல வெயில். ரயில் பாதையோரமாகச் செருப்பு அறுந்தது தெரியாமல் நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். அவளுக்கும் எண்ணெய் இருக்காது, அதனால் அப்படியே வைத்திருப்பாள், அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

பேச்சி அடுப்புக்கு முன்னால் இருந்தாள். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு தகரக் குவளையை வைத்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தன. அடுப்பில் பானை. அம்மா கட்டின துணியை அலசிக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா, ஒக்காருங்க. எண்ணெய்க்கு நா எங்கிட்டுப் போவேன்? தண்ணியில ஊறப்போட்டுக் கொதிக்க விட்டேன், பாருங்க, கஞ்சியா வந்துருச்சு!" என்றாள். சந்தோஷத்தில் அவள் முகமே வேறு மாதிரி இருந்தது.

கூழைக் காய்ச்சித்தானே வத்தலாகப் போட்டீர்கள்? தண்ணீரைக் கண்டால் கஞ்சியாகாமல் வேறென்ன ஆகும்? படித்த நாங்கள் மூன்று பேர் இரண்டு மாதம் அலைந்தும் எங்களுக்குத் தோன்றவில்லை. பசித்தவளுக்கு அது ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கிறது. மறுநாளே லயம் முழுக்கச் செய்தி போய், எல்லா வீட்டிலும் உங்கள் அரிசி கஞ்சியானது. ஒரு துண்டு வீணாகவில்லை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

அவள் ஒரு குவளையில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. காயக் காய உப்பு ஏறும், அதனால் வத்தலுக்கு எல்லாரும் குறைத்துத்தான் உப்புப் போடுவார்கள். எங்கள் அம்மா மட்டும் சோற்றுக்குப் போடுகிற மாதிரியே போடுவாள். நானும் தம்பியும் எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறோம்! "திங்கிறவளுக்குத்தான் வாயி, போடுறவளுக்குக் கை" என்று எங்கள் வாயை அடைத்துவிடுவாள். அந்தக் கை இனி இல்லை. அந்த உப்பு மட்டும் கடல் தாண்டி, துறைமுக ஆபீஸ் தாண்டி என் நாக்குக்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். கடிதம் வந்த அன்றைக்கு வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது.

"என்ன தாயி, என்ன ஆச்சு?" என்று பேச்சி பதறிவிட்டாள்.

"இது எங்க அம்மா போட்டது, பேச்சி. அம்மா செத்துப்போச்சு. ஊருலருந்து ஒண்ணும் கொறையல. ஒனக்கு வரவேண்டியத நாந்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். இப்பக்கூட இத வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

பேச்சி அகப்பையைக் கீழே வைத்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

"பசிச்சா எடுத்தீக?" என்று கேட்டாள்.

காலையில் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தவள் நான். "ஆமா" என்றேன்.

"பெறகென்ன தாயி. பசிச்சவுகளுக்குன்னுதான போட்டு விட்டாக" என்று சொல்லி அகப்பையைப் பானைக்குள் விட்டாள்.

நான் வெட்கமில்லாமல் குவளையை நீட்டினேன்.